ஆரத்தித் தரை

விடுதியின் பின்வாசலில் இருந்து சமையலறைக்குள் போக ஒரே ஒரு படிதான். அந்தப் படியை ஏறி உள்ளே வர எல்லம்மாளுக்கு எடுத்த காலத்தில், விடுதிக்கு முன்னால் மணலில் நட்ட சவுக்கங்கன்றுகள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டன.

அதுவரை அவள் வெளிவேலைக்காரி. மகாபலிபுரத்துக்கு வடக்கே கடலைப் பார்த்துக் கட்டிய அந்த விடுதியில் சருகு கூட்டுவாள், விருந்தாளிகள் தங்கும் அறைகளின் கக்கூசைக் கழுவுவாள். அதற்கும் முன்னால் வயலில் நாற்று நட்டவள். பூஞ்சேரிக்கு அப்பால் இருக்கும் காலனியில் அவள் தெருப் பெண்கள் எல்லாருமே நடவுக்குப் போனவர்கள்தான். நிலத்துக்காரர்கள் நெல்லை விட்டுச் சவுக்குக்கு மாறியபோது நடவு நின்றது. சவுக்கு தானாக வளரும். குனிந்து நடப் பெண்கள் வேண்டாம். அவள் புருஷன் சின்னையன் கழிமுகத்து ஓரம் கிளிஞ்சல் சுடும் காளவாய்க்குக் கூலிக்குப் போனான். அவள் விடுதிக்கு வந்தாள்.

விடுதிக்கு மேனேஜர் தேவசகாயம். அவனும் அதே காலனிதான். செங்கல்பட்டில் மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படித்துவிட்டு வந்தவன். தெருவில் அவளை அக்கா என்பான், அவள் அவனைத் தம்பி என்பாள். விடுதி கேட்டைத் தாண்டினால் அவன் சார். இதை யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. சமையலறை துடைத்துக்கொண்டிருந்த பெண் மகள் வீட்டோடு போய்விட்டபோது, தேவசகாயம் கொஞ்சமும் யோசிக்காதவன்போல எல்லம்மாளை உள்ளே வரச் சொன்னான். யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான் என்பது இருவருக்கும் தெரியும்.

சமையற்காரர் திருவேங்கடத்தை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். அவர் மேனேஜர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால், கறிவேப்பிலை உருவிக்கொண்டே, கக்கூஸ் கழுவின கை என்று மட்டும் சொன்னார். யாரிடமும் சொல்லவில்லை, சும்மா சொன்னார். எல்லம்மாள் காதில் விழுந்தது.

அன்று முதல் அவள் தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். தரை மட்டும் தன்னுடையது. அலமாரி, ஜாடிகள், அடுப்பு மேடை எதையும் தொடக் கூடாது. தரையில் ஒரு தவலை இருந்தால் அதை நகர்த்தித் துடைக்க மாட்டாள். மாஸ்டர் நகர்த்தும்வரை ஈரத் துணியோடு குந்தியிருப்பாள். கையில் ஒட்டியிருப்பதாக மற்றவர்கள் நினைக்கும் அழுக்கை எந்தத் தண்ணீரால் கழுவுவது? அது கையில் இல்லையே. ஆனாலும் அவள் அடிக்கடி கை கழுவினாள்.

அந்தத் தரை வெள்ளை ஓடு பதித்தது. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு சமையல்கட்டு கிடையாது. சதுரம் சதுரமாகப் பட்டணத்து டைல்ஸ், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே சந்தில் வெள்ளை சிமெண்ட். ஓடு துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். சந்து ஆகாது. அது ஓட்டைவிட ஒரு நூல் பள்ளம். துணி அதன் மேலாகத் தாண்டிப் போகும். எண்ணெயும் கரியும் மீன் தண்ணீரும் அங்கே போய்த் தங்கும். நாளடைவில் தரை முழுவதும் கறுப்பு வலை விரித்தாற்போல ஆகிவிட்டது.

மழைக்காலம் முடிந்த சமயம் சென்னையில் இருந்து முதலாளியம்மா வந்தாள். சமையலறை வாசலில் நின்று தரையைப் பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. தேவசகாயத்தைப் பார்த்து, "அடுத்த தடவை நான் வரும்போது இந்தக் கோடெல்லாம் வெள்ளையா இருக்கணும். இந்தம்மாவால முடியலேன்னா வேற ஆளைப் போட்டுக்குங்க, இவங்க முன்ன செஞ்ச வேலையையே செய்யட்டும்" என்றாள்.

முன்பு செய்த வேலை. எல்லம்மாள் படியைப் பார்த்தாள். ஏறியது போலவே இறங்கவும் ஒரே படிதான்.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் ரோட்டுத் தார் வெடிப்பைப் பார்த்தால் சந்து. குப்பத்தில் காயப்போட்ட வலையைப் பார்த்தால் சந்து. முதலாளியம்மா பொங்கல் கழித்து வருவதாகத் தேவசகாயம் சொன்னான். சொன்னபோது அவன் முகமும் சரியாக இல்லை. இவளை உள்ளே கொண்டுவந்தது அவன்தான். இவள் இறங்கினால் அவன் சொல்லும் கூடவே இறங்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

தேங்காய் நாரும் மணலும் போட்டுத் தேய்த்தாள். பனந்தும்பு பிரஷால் தேய்த்தாள். ஓடு தேய்ந்ததே தவிரச் சந்து அப்படியே இருந்தது. சோப்பு போட்டால் தரை வழுக்கும், கொதிக்கிற சட்டியோடு விழுந்து சாவேன் என்று மாஸ்டர் அதை விடவில்லை. ஒரு நாள் தலையில் செருகியிருந்த கொண்டை ஊசியை உருவிச் சந்தில் வைத்து இழுத்தாள். கறுப்பு சுருள் சுருளாக வந்தது. அன்றிலிருந்து அதுதான் வழி. மதியச் சமையல் முடிந்து மாஸ்டர் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனதும், சீயக்காய்த் தண்ணீர் தெளித்து ஊறவைத்து, ஊசியால் ஒரு கோடு, அப்புறம் அடுத்த கோடு. முட்டி மரத்துப் போகும். எழுந்து நின்றால் கண்ணுக்குள்ளும் கட்டம் கட்டமாகத் தெரியும். பொங்கல் நெருங்கும்போது கறுப்பு முழுவதும் போய்விட்டது.

அடியில் மஞ்சள் இருந்தது.

குழாயடிப் பக்கம் மட்டும் சந்து ஏதோ வெள்ளையாக இருந்தது. அம்மியில் இருந்து அடுப்பு வரைக்கும் நல்ல மஞ்சள். மாஸ்டர் மீன் அலசினதும் ஒரு பெரிய தாம்பாளத்தைத் தரையில் வைத்துக் குந்தி உட்கார்ந்துதான் மஞ்சள் தடவுவார். உட்கார்ந்த இடத்திலேயே கையை உதறுவார். தாம்பாளத்துத் தண்ணீரைத் தரையிலேயே சாய்த்து, காலால் ஒரு தள்ளு. வருஷக்கணக்காகத் தள்ளியது எல்லாம் சந்து வழியாக ஓடி, சிமெண்டுக்குள் இறங்கி உட்கார்ந்துவிட்டது. எல்லம்மாள் ஊசியால் சுரண்டினாள். மஞ்சள் வரவில்லை, சிமெண்ட்தான் பொடியாக வந்தது. சந்து இன்னும் ஆழமானால் என்ன ஆகும் என்று பயந்து நிறுத்திவிட்டாள்.

முதலாளியம்மா மறுநாள் காலை வருகிறாள் என்று போன் வந்தது. தேவசகாயம் இறால் வாங்க ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, தரையைப் பார்க்காமலே போனான். பார்த்தால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும்.

அவளுக்கு வழி தெரியாமல் இல்லை. அதுதான் வினை. வெள்ளை என்றால் சுண்ணாம்பு. அவள் வீட்டில் புருஷன் துணி சுண்ணாம்பு, தலைமயிர் சுண்ணாம்பு, பொங்கலுக்கு அடித்த சுவர் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பின் வெள்ளைக்கு இணையாக அவள் எதையும் பார்த்ததில்லை. காலையிலேயே ஒரு கொட்டாங்கச்சியில் குழைத்த சுண்ணாம்பை வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து கிணற்றடியில் ஒளித்து வைத்திருந்தாள்.

மாஸ்டர் டீக்கடைக்குக் கிளம்பியதும் குழாயடியில் இருந்து தொடங்கினாள். வேப்பங்குச்சியின் நுனியை மென்று நாராக்கி, சுண்ணாம்பில் தோய்த்து, சந்து சந்தாகப் பூசிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். கோடு பளிச்சென்று எழுந்தது. கோலம் போடும் பெண் குனிந்தே போவதுபோலக் குனிந்தே போனாள். நெஞ்சில் பல நாளாக இருந்த கல் கொஞ்சம் அசைந்தது. அம்மிப் பக்கம், அடுப்புப் பக்கம் எல்லாம் முடித்துப் படிக்கு வந்து, நிமிர்ந்து, திரும்பிப் பார்த்தாள்.

தரை சிவந்துகொண்டிருந்தது.

முதலில் கையைத்தான் பார்த்தாள், எங்கே அறுத்துக்கொண்டோம் என்று. கையில் ஒன்றும் இல்லை. பூசினபோது வெள்ளையாக இருந்த கோடுகள் ஊற ஊற அடியில் இருந்து சிவப்பு ஏறி மேலே வந்தன. அம்மியடியில் ஆட்டை அறுத்தாற்போல இருந்தது. அங்கிருந்து ஓடையாகப் பிரிந்து அடுப்புக்கு ஒன்று, அலமாரிக்கு ஒன்று. குழாயடி மட்டும் வெள்ளை. அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஈரத் துணியால் துடைத்தாள். துணி சிவந்தது, ஓட்டின் மேலும் சிவப்பு தீற்றியது. அப்போது அவளுக்கு வந்த எண்ணம் வேலை போய்விடும் என்பதல்ல. தொடக் கூடாத இடத்தைத் தொட்டுவிட்டோம், அதுதான் இப்படிக் காட்டுகிறது என்று தோன்றியது. மாஸ்டரின் சொல் அவள் மனசிலேயே உட்கார்ந்து வேலை செய்தது.

பின்வாசலில் சம்பூர்ணத்தின் குரல் கேட்டது. குப்பத்தில் இருந்து விடுதிக்கு மீன் கொண்டுவருகிறவள். இறால் கூடையை இறக்கிப் படியில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாமே, பொண்ணு மாப்ள வர்றாங்களா? ஆரத்தி கரச்சி தரையில ஊத்தி வச்சிகீற?"

எல்லம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆரத்தி. காலனியில் எத்தனை கல்யாணத்துக்கு அவளே தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் போட்டுக் கரைத்திருக்கிறாள். தண்ணீர் ரத்தமாகச் சிவக்கும்போது சுற்றி நிற்கும் பெண்கள் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடு என்பார்கள். தட்டில் தெரிந்தது தரையில் தெரியவில்லை. நாம் அறிந்தது என்று சொல்லிக்கொள்வதெல்லாம் பாதிக்கு மேல், அது அது இருந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டு கிடப்பதுதான். இடம் மாறினால் அறிவு கூடவே வருவதில்லை.

"மஞ்சாவாக்கா இது?" என்றாள்.

"பின்ன இன்னா, ரத்தமா? புளியக் கரச்சி வுடு, எறங்கிடும். மஞ்சா கையில சோப்பு போட்டு செவந்து பூட்டா நான் அதான் செய்வேன்."

"புளி மேல கீது."

"எடேன்."

"நான் தொடக் கூடாதுக்கா."

"ஆரு சொன்னது?"

எல்லம்மாள் யோசித்தாள். யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசலாம், மீறலாம், சொன்னவரிடம் போய்க் கேட்கவாவது செய்யலாம். சொல்லாத சட்டத்தை என்ன செய்வது? சம்பூர்ணம் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். தான் எடுத்துத் தரலாமா என்று அவளும் நினைத்திருப்பாள். ஆனால் மீன்காரி படி தாண்டி வருவதையும் மாஸ்டர் விரும்ப மாட்டார். வெயிலில் கிடந்தால் இறால் கெட்டுடும், சீக்கிரம் உள்ளே வாங்கச் சொல் என்று சொல்லிவிட்டு, வெறுங்கூடைக்காக நிற்காமல் போய்விட்டாள்.

அலமாரியின் மேல்தட்டில் புளி ஜாடி இருந்தது. எல்லம்மாள் அதன் கீழே போய் நின்றாள். கையைப் புடவையில் துடைத்தாள். தூக்கினாள். ஜாடியின் குளிர்ச்சி விரலில் படுகிற தூரம் வரை போன கை திரும்பி வந்தது. வீட்டுக்கு ஓடிப் புளி கொண்டுவரலாமா என்று பார்த்தாள். போய் வருவதற்குள் மாஸ்டர் வந்துவிடுவார். அவள் அங்கேயே நின்றாள். ஈரம் உலர உலரச் சிவப்பு மங்கும் என்று ஒரு ஆசை. மங்கவில்லை.

மாஸ்டர் வந்தார். ஒரு காலைப் படிமேல் வைத்தவர் மறு காலை எடுக்கவில்லை.

"இன்னாத்த கொட்ன?"

அவள் சொன்னாள். சுண்ணாம்பு கொண்டுவந்தது, பூசியது, சிவந்தது, புளிக்கு இறங்கும் என்று சம்பூர்ணம் சொன்னது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். திட்டுவார் என்று காத்திருந்தாள். மெல்ல நிமிர்ந்தபோது அவரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மியடியில் அவர் குந்தும் இடத்தில் சிவப்பு கெட்டியாக இருந்தது. கை உதறும் பக்கம் தெறிப்பு. தண்ணீர் தள்ளும் வழி நெடுக ஓட்டம். குழாயடிக்குப் போகப்போக வெளுத்து, ஒன்றும் இல்லை. அத்தனை வருஷம் அவர் எங்கே உட்கார்ந்தார், எதை எங்கே கொட்டினார் என்று யாரோ உட்கார்ந்து வரைந்து வைத்தாற்போல இருந்தது. நாளைக்கு முதலாளியம்மா வந்து நின்றால், பார்த்ததும் தெரிந்துவிடும்.

அவர் உள்ளே வந்து புளி ஜாடியை இறக்கினார். பாத்திரத்தில் எடுத்துப் போடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். ஜாடியையே அவள் பக்கம் நீட்டினார்.

"புடி. நான் கரைக்கறதுக்குள்ள பொழுது பூடும். எவ்ளோ வேணுமோ போடு. கேட்டா நான் ஒண்ணும் பாக்கல."

அதைப் பெரிய மனசு என்று எழுத முடியாது. அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார், அவ்வளவுதான். ஆனால் ஜாடி கை மாறியது. எல்லம்மாள் கையை இரண்டு முறை துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

புளித்தண்ணீர் பட்ட இடத்தில் சிவப்பு சட்டென்று இறங்கி மஞ்சளானது. பொழுது சாயும்வரை ஊற்றித் தேய்த்து, ஊற்றித் தேய்த்து, சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்தாள். குழாயடியில் மட்டும் விட்டுவைத்தாள். விளக்கு வைக்கிற நேரத்தில் தேவசகாயம் வந்து பார்த்தான்.

"இன்னாக்கா, பழையபடி மஞ்சாவாதான கீது?"

விடுதிக்குள் அவன் அவளை அக்கா என்றது அதுதான் முதல் தடவை. பயத்தில் வாய் தவறியது. எல்லம்மாள் என்ன சொல்வாள். இது பழைய மஞ்சள் இல்லை, சிவந்துவிட்டுத் திரும்பி வந்த மஞ்சள். அதை யாருக்குச் சொல்லி விளங்கவைப்பது? நாளைக்கு நான் வெளிவேலைக்கே போய்க்கிறேன் தம்பி, நீ ஒண்ணும் பேசாதே என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுவதற்குள் கார் வந்துவிட்டது. முதலாளியம்மா காப்பி குடித்து, அறைகளைப் பார்த்து, கடைசியில் சமையலறைக்கு வந்தாள். மாஸ்டர் குழம்பைக் கிண்டினார். கிண்ட வேண்டிய பதத்தில் அது இல்லை. தேவசகாயத்தின் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. எல்லம்மாள் படிக்கு உள்ளே, சுவரோடு சுவராக.

"கறுப்பு போயிருக்கு" என்றாள் முதலாளியம்மா. பிறகு குழாயடியைக் காட்டினாள். "இங்க மட்டும் வெள்ளையா இருக்கு. அங்க ஏன் இல்ல?"

கரண்டி சத்தம் நின்றது. எல்லம்மாளுக்குப் பதில் தெரியும். அங்கே மஞ்சள் சிந்தவில்லை, இங்கே சிந்தினது. அதைச் சொன்னால் தன் மேல் பழி இல்லை. அதைச் சொல்லிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு அந்த அம்மியடியில் குந்துவது என்பதும் தெரியும். மாஸ்டரின் முதுகைப் பார்த்தாள். ஜாடியின் கனம் இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"அங்க சுண்ணாம்பு வச்சேம்மா, நின்னுச்சி. இங்க வச்சேன், நிக்கல."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. முதலாளியம்மா பட்டுப் புடவையைத் தூக்கிக்கொண்டு குனிந்து, சந்தை நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தாள்.

"மஞ்சள். சமையல்கட்டுன்னா சிந்தாமயா இருக்கும்? இதுல போய் வெள்ளை சிமெண்ட் போட்டவனைச் சொல்லணும். சுரண்டிட்டுக் கறுப்பு பூசச் சொல்லுங்க."

வெள்ளை சிமெண்ட்தான் வேண்டும் என்று அன்றைக்குப் பிடிவாதமாகச் சொன்னது முதலாளியம்மாவேதான். கட்டும்போது கூட நின்ற தேவசகாயத்துக்கு அது தெரியும். சரிங்கம்மா என்றான். அவள் கடலைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாசி பிறந்து கொத்தனார் வந்தான். வெள்ளையைக் கொத்தி எடுத்துவிட்டுக் கறுப்பு சிமெண்ட் பூசினான். எல்லம்மாளைப் போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. முதலாளியம்மா மறந்திருப்பாள் என்று தேவசகாயம் சொன்னான். மறந்தவர்களுக்கு நினைவு வராதா என்று அவள் கேட்டாள்.

மாஸ்டர் தவலையை நகர்த்தாமல் விட ஆரம்பித்தார். நீயே தள்ளிக்கோ என்று சொன்னதில்லை, நகர்த்தவில்லை, அவ்வளவே. சில நாள் காத்திருந்து பார்த்துவிட்டு அவளே நகர்த்தினாள். தாம்பாளத்தை மட்டும் அவர் இன்னும் தரையில் வைத்துத்தான் மஞ்சள் தடவினார். கறுப்பில் என்ன தெரியப் போகிறது?

அதுதான் எல்லம்மாளைப் புதிதாகப் பிடித்துக்கொண்டது. வெள்ளையாக இருந்தபோது அழுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. எடுத்தால் எடுத்ததும் தெரிந்தது. இப்போது அவள் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் தரை ஒரே மாதிரிதான். வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் எதைக் காட்டுவது? அதனால் முன்பைவிட அதிகமாகவே குந்தினாள். மதியம் அடுப்பு அணைந்ததும் கொண்டையை அவிழ்த்து ஊசியை எடுத்துச் சந்தில் இழுப்பாள். வந்ததைப் படியின் ஓரத்தில் துடைத்து வைத்துப் பார்ப்பாள்.

"கறுப்புல கறுப்ப தேடிகினு கீறியே, எப்படிம்மா தெரியும்?" என்று மாஸ்டர் ஒரு நாள் கேட்டார்.

"ஊசியில வருது மாஸ்டரே."

கோவளம் பக்கமிருந்து ரோட்டில் கார் சத்தம் கேட்டால் அவள் கை நிற்கும். சத்தம் விடுதியைத் தாண்டித் தெற்கே போய்த் தேய்ந்து மறையும்வரை அசைய மாட்டாள். பிறகு விட்ட இடத்தில் ஊசியை வைத்து மறுபடி இழுப்பாள். அவள் அந்தச் சமையலறையில் இருந்த காலம்வரைக்கும் அது மாறவில்லை.